கடவுச்சொல்லை-மாற்றுவது-எ

வேர்ட்பிரஸில் ஓடும் ஒரு தமிழ்த் தளத்தில் ‘கடவுச்சொல்லை மாற்றுவது எப்படி’ என்ற தலைப்பில் ஓர் உதவிக் கட்டுரையை ஏற்றுங்கள். முகவரியைக் கையால் திருத்தாமல் அப்படியே வெளியிடுங்கள். பிறகு உலாவியின் முகவரிப் பட்டையைப் பார்த்தால், அது ‘கடவுச்சொல்லை-மாற்றுவது-எ’ என்று முடிந்திருக்கும். ‘ப்படி’யைக் காணோம்.

யாரும் வெட்டவில்லை, கணக்கு அப்படி. முகவரியின் அந்தத் துண்டுக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருக்கும் இடம் 200 எழுத்து. ஆங்கிலத் தலைப்புக்கு அது தாராளம். தமிழுக்கு 22 குறியீடுகளோடு இடம் நிறைந்துவிடும். இடைவெளிக்குப் பதிலாக வரும் இரண்டு கோடுகளையும் சேர்த்துக் கூட்டினால், ‘எ’ வந்தவுடன் சரியாக 200 ஆகிறது. அதே தளத்தில் ‘கடவுச்சொல்லை மாற்றுவது எப்போது’ என்று இன்னொரு கட்டுரை எழுதினால் அதுவும் அந்த ‘எ’யில்தான் வந்து நிற்கும். ஒரே முகவரி இரண்டு பக்கத்துக்கு ஆகாது என்பதால் மென்பொருள் இரண்டாவதின் வாலில் 2 என்று ஓர் எண்ணை ஒட்டிவிடும். எப்படி, எப்போது, எதற்கு, எங்கே என்று தலைப்பு வைப்பது உதவி எழுதுபவர்களின் வழக்கம். நாலு கட்டுரை எழுதிய பிறகு எந்த எண் எந்தக் கட்டுரை என்று எழுதியவருக்கே தெரியாது.

இணைய முகவரி எதனால் ஆனது என்று பார்த்தால் இது புரியும். டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் செர்ன் ஆய்வகத்தில் தன் திட்ட முன்வரைவைக் கொடுத்தபோது, அவருடைய மேலாளர் மைக் செண்டல் அதன் மேல் ‘தெளிவில்லை, ஆனால் ஆர்வமூட்டுகிறது’ என்ற பொருளில் கிறுக்கிவைத்தது பரவலாகத் தெரிந்த கதை. அந்தத் திட்டத்திலிருந்து வளர்ந்த வலையின் முகவரிக்கு, அதாவது யூஆர்எல்லுக்கு, முறையான இலக்கணம் 1994 டிசம்பரில் வெளியானது. இன்று புழக்கத்தில் இருக்கும் இலக்கணம் 2005 ஜனவரியில் வந்தது. அதன்படி ஒரு முகவரிக்குள் ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள், இவை மட்டும்தான் நேராக நுழையலாம். வேறு எதுவாக இருந்தாலும் அதை பைட்டுகளாக உடைத்து, ஒவ்வொரு பைட்டையும் ஒரு % குறியும் இரண்டு பதினறும இலக்கங்களுமாக எழுத வேண்டும். ஒரு பைட்டுக்கு மூன்று எழுத்து.

தமிழ் யூனிகோட் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் பிடிக்கும். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. எந்த எழுத்து என்பது பெரும்பாலும் மூன்றாவதில்தான் இருக்கிறது. மும்மூன்று ஒன்பது. ‘கடவுச்சொல்’ என்பது நமக்கு ஆறு எழுத்து: க, ட, வு, ச், சொ, ல். யூனிகோடுக்கு அது பத்து குறியீடு. உகரத்தின் கொம்பும், புள்ளியும், ஒகரக் குறியும் அங்கே தனித்தனிக் கணக்கு. பத்து குறியீடு முப்பது பைட்டாகி, முப்பது பைட் தொண்ணூறு எழுத்தாகிறது. வாட்ஸ்அப்பில் யாராவது தமிழ் விக்கிப்பீடியா இணைப்பை அனுப்பும்போது திரை முழுக்க % குறியாக நிறைவது இதனால்தான். முகவரிப் பட்டையில் தமிழாகத் தெரிவது உலாவி நமக்காகச் செய்யும் உபசாரம். நகலெடுத்து ஒட்டினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.

முகவரியின் முன்பகுதியில், அதாவது தளத்தின் பெயரில், தமிழ் இருந்தால் கணக்கே வேறு. ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று முடியும் களப்பெயர்கள் உண்மையிலேயே உண்டு. அவற்றை % போட்டு எழுதுவதில்லை. 2003-இல் தரமாக்கப்பட்ட பியூனிகோட் என்ற முறையில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரமாக மாற்றுகிறார்கள். அந்தச் சரம் இன்னும் கொடுமையாக இருக்கும். தமிழ்க் களப்பெயரும் தமிழ்த் தலைப்பும் கொண்ட ஒரே இணைப்புக்குள் இரண்டு வகைச் சங்கேதம் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறது.

இது வெறும் நீளப் பிரச்சினை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. ‘சொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியீடாக எழுதலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் துளி வேறுபாடு இல்லை. இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் தரமும் சொல்கிறது. ஆனால் இரண்டாவது வகையில் தட்டிய ‘கடவுச்சொல்’ முகவரியில் 99 எழுத்து. பல சர்வர்கள் பைட்டைத்தான் ஒப்பிடும், உருவத்தை அல்ல. 90 எழுத்துப் பக்கத்தை 99 எழுத்தால் தேடினால் ‘404, பக்கம் கிடைக்கவில்லை’ என்று கையை விரித்துவிடும். விக்கிப்பீடியாவின் மென்பொருள் எதைத் தட்டினாலும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் தேடும். எல்லாத் தளங்களும் அவ்வளவு அக்கறை எடுப்பதில்லை. ‘ஸ்ரீ’யின் நிலைமை இதைவிட மோசம். பழைய வழக்கப்படி அது ‘ஸ’வில் தொடங்கும். 2005-இல் யூனிகோடில் ‘ஶ’ என்ற எழுத்து சேர்ந்த பிறகு, அதில் தொடங்கும் வடிவமும் புழக்கத்துக்கு வந்தது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே படமாகத்தான் தெரியும். ஆனால் யூனிகோடே இவற்றைச் சமம் என்று சொல்வதில்லை என்பதால் இங்கே சமன்படுத்தலும் கைகொடுக்காது.

மென்பொருள் எழுதியவர்களின் பங்கும் உண்டு. தலைப்பிலிருந்து முகவரித் துண்டைத் தானாக உருவாக்கும் கருவிகள், ‘எழுத்து அல்லாததை நீக்கு’ என்ற விதியை வைத்திருக்கும். பைத்தான் மொழியின் வழக்கமான தேடல் முறைக்கு உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ அல்ல. பைத்தானில் எழுதப்பட்ட ஜாங்கோ என்ற பெயர்பெற்ற சட்டகத்தில், யூனிகோடை அனுமதி என்று சொன்ன பிறகும், ‘கடவுச்சொல்’ உள்ளே போய் ‘கடவசசல’ என்று வெளியே வரும். கொம்பும் காலும் புள்ளியும் பிடுங்கப்பட்ட தமிழ். யூனிகோடை அனுமதிக்காவிட்டால் ஒன்றுமே மிஞ்சாது.

ஆகவே, உதவிக் கட்டுரைகளின் முகவரியை ஆங்கில எழுத்தில், சின்னதாக, கையால் வைப்பதே நல்லது என்பது என் கட்சி. தமிழ்ப்பற்று இதனால் குறைந்துவிடாது. ஓர் இணைப்பில் இரண்டு பாகம் உண்டு. முகவரி இயந்திரத்துக்கு, அதன் மேல் போர்த்தியிருக்கும் சொற்கள் மனிதருக்கு. உதவிப் பக்கங்களில் நான் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை இயந்திரத்துக்கு உரியதை மனிதர் முன்னாலும் மனிதருக்கு உரியதை இயந்திரத்தின் முன்னாலும் வைப்பதால் வருபவை. தமிழை மனிதர் படிக்கும் பாகத்தில் தாராளமாக, அழகாக வையுங்கள். விக்கிப்பீடியாபோல் பின்னணி வேலையை முழுக்கச் செய்துவைத்திருக்கும் இடத்தில் மட்டும் தமிழ் முகவரியை நம்பலாம்.

முகவரியை அப்படியே வாக்கியத்துக்குள் போடும்போது தமிழுக்கே உரிய ஓர் இடைஞ்சல் வருகிறது. ஆங்கிலத்தில் முகவரிக்கு முன்னால் ஒரு சொல்லும் பின்னால் ஓர் இடைவெளியும் வந்தால் போதும். நாம் வேற்றுமை உருபை ஒட்டியாக வேண்டும். ‘இல்’, ‘ஐ’, ‘க்கு’, ‘இலிருந்து’ என்று ஏதாவது ஒன்று முகவரியின் வாலைப் பிடித்துக்கொள்ளும். மின்னஞ்சல் செயலியும் வாட்ஸ்அப்பும் எழுத்தோட்டத்தில் முகவரியைப் பார்த்தால் தாமாகவே அதை இணைப்பாக மாற்றுகின்றன. முகவரி எங்கே முடிகிறது என்பதை அவை ஊகிக்கத்தான் வேண்டும். வாக்கிய முடிவில் வரும் முற்றுப்புள்ளியைப் பெரும்பாலானவை சரியாகக் கழித்துவிடுகின்றன. புள்ளிக்குப் பின் இடைவெளி வருகிறதே என்ற தடயம் போதும். ஒட்டி நிற்கும் ‘இல்’லை என்ன செய்வது? தமிழ் எழுத்தில் முகவரியைக் காட்டவோ தட்டவோ முடியாது என்ற காலம் போய்விட்டதால், அதுவும் முகவரியின் பகுதியாக இருக்கலாம் என்று செயலி நினைப்பதில் தவறில்லை. நம்மில் பலர் கவனமாக ஒரு சிறுகோடு போட்டு ‘-இல்’ என்று எழுதுகிறோம். வம்பு அங்கேதான். முகவரிக்குள் எந்த மாற்றமும் இல்லாமல் அனுமதிக்கப்பட்ட நாலே நாலு குறிகளில் சிறுகோடும் ஒன்று. மற்றவை புள்ளி, அடிக்கோடு, அலைக்கோடு. கோடு போட்டால் பிரியும் என்று நாம் நினைக்கிறோம், செயலியோ இன்னும் உறுதியாகச் சேர்த்துக்கொள்கிறது.

2005-ஆம் ஆண்டு இலக்கணத்தின் பின்னிணைப்பு ஒன்று இதைப் பற்றியே பேசுகிறது. முகவரியை உரைநடைக்குள் எழுதும்போது < > என்ற கோணக் குறிகளுக்குள் அடையுங்கள், அல்லது இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள், குறைந்தது இடைவெளி விடுங்கள் என்கிறது. தமிழில் இதற்கு இன்னும் இயல்பான வழி இருக்கிறது. முகவரிக்குப் பின் இடைவெளி விட்டு ‘என்ற முகவரியில்’ என்று எழுதினால் உருபு ‘முகவரி’ மேல் ஏறிக்கொள்ளும், இணைய முகவரி தொடப்படாமல் நிற்கும். எந்தச் செயலியிலும் இது உடைந்து நான் பார்த்ததில்லை.

சொற்களின் மேல் இணைப்பைப் போர்த்தும்போதும் இதே உருபு வேறு வேடத்தில் வருகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் தொகுப்பவர்களுக்கு இது அன்றாடம். அங்கே இன்னொரு கட்டுரைக்கு இணைப்புத் தர [[மதுரை]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும். [[மதுரை]]யில் என்று எழுதினால், வெளியே ஒட்டியிருக்கும் ‘யில்’லையும் மென்பொருள் இணைப்பின் நிறத்துக்குள் இழுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்துகளுக்கென்றே அந்த விதியை எழுதிவைத்திருக்கிறார்கள். உடம்படுமெய் தோன்றும் இடங்களில் இது அழகாக ஓடும். மெய்யில் முடியும் சொல் வந்தால் ஓடாது. [[தமிழ்]]இல் என்று எழுத நமக்கு மனம் வராது. ‘தமிழில்’ என்று எழுதப் போனால் புள்ளி மறைந்து இகரம் ஏறி, ‘தமிழ்’ என்ற தலைப்பே அங்கே இல்லாமல் போகிறது. ‘மரம்’ சாரியை பெற்று ‘மரத்தில்’ ஆகும். ‘ஆறு’ இரட்டித்து ‘ஆற்றில்’ ஆகும். இங்கெல்லாம் நடுவில் ஒரு நிலைக்கோடு போட்டு, இடப்பக்கம் இயந்திரத்துக்கு ‘மரம்’, வலப்பக்கம் வாசகருக்கு ‘மரத்தில்’ என்று பிரித்து [[மரம்|மரத்தில்]] என எழுதுவதைத் தவிர வழியில்லை. நன்னூல் படித்தவருக்கு இணைப்பு போடுவது எளிது என்று விளையாட்டாகச் சொல்லலாம்.

உருபு இணைப்புக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்பவர்கள் உண்டு. முழுச் சொல்லும் உள்ளே இருக்கட்டும். ‘தமிழி’ என்பதில் ‘ழ்’ நீலமாகவும் இகரம் கறுப்பாகவும் இருக்க முடியாது, ஓர் உயிர்மெய்யைப் பாதியில் அறுத்தால் சில உலாவிகளில் இகரக் குறி தனியே விழுந்து, பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் முளைக்கும். இதோடு சேர்ந்த இன்னொரு சிறு விஷயம் அடிக்கோடு. ழ, டு, மூ, று போன்றவை கோட்டுக்குக் கீழே இறங்குபவை. இன்றைய உலாவிகள் இறங்கும் பகுதியில் கோட்டை விட்டுவிட்டு வரைவதால், தமிழ் இணைப்பின் அடிக்கோடு துண்டுதுண்டாகத் தெரியும். அடிக்கோட்டைக் கொஞ்சம் கீழே தள்ளச் சொல்லும் வசதி பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் இருக்கிறது. ஒரு வரி வேலை. கோட்டையே எடுத்துவிட்டு நிறத்தை மட்டும் நம்புவது தீர்வு ஆகாது, நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அங்கே இணைப்பு இருப்பதே தெரியாது.

அடைப்புக்குறிகளுக்கு வருவோம். விக்கியில் வெளித்தளத்துக்கு ஒற்றைச் சதுர அடைப்பு. முதலில் முகவரி, ஓர் இடைவெளி, பிறகு சொற்கள். ஜான் குரூபர் 2004-இல் உருவாக்கிய மார்க்டவுன் முறையில் வரிசை தலைகீழ். சொற்கள் முதலில் சதுர அடைப்புக்குள், முகவரி அடுத்து வளைவு அடைப்புக்குள், நடுவே இடைவெளி கூடாது. இரண்டிலும் மாறிமாறி எழுதுபவர்கள் அடைப்பை மாற்றிப் போடுவது இயல்பு. அது கண்ணில் உடனே படும் என்பதால் பெரிய கேடில்லை. கேடு செய்பவை கண்ணில் படாதவை. முகவரிக்குள்ளேயே வளைவு அடைப்பு இருக்கலாம். ஒரே பெயரில் பல கட்டுரைகள் இருந்தால் விக்கிப்பீடியா தலைப்பின் வாலில் அடைப்புக்குள் விளக்கம் சேர்ப்பது வழக்கம். மார்க்டவுனைப் படிக்கும் சில பழைய நிரல்கள் முதலில் வரும் மூடும் அடைப்போடு முகவரி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். இணைப்பு உடைந்து, பக்கத்தில் அநாதையாக ஒரு ‘)’ நிற்கும். அப்படி ஒன்று நின்றால் காரணம் இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். முகவரியில் அடைப்பை %28, %29 என்று எழுதிவிட்டால் சரியாகிவிடும். இடைவெளி இருந்தால் %20.

வேர்டில் எழுதி, ஹெச்டிஎம்எல் பெட்டிக்குள் ஒட்டுபவர்களுக்கு வேறொரு பொறி. நிரலில் முகவரியைச் சுற்றி நிற்க வேண்டியது நேரான மேற்கோள். வேர்ட் அழகு கருதி அதை வளைந்த மேற்கோளாக மாற்றிவைத்திருக்கும். உலாவிக்கு வளைந்தது மேற்கோளே அல்ல, முகவரியின் முதல் எழுத்து. ‘எச்டிடிபிஎஸ்’ போன்ற ஒரு முன்னொட்டோடு தொடங்காததை அது அதே தளத்துக்குள்ளேயே இருக்கும் பக்கமாக எடுத்துக்கொள்ளும். விளைவாக, வாசகர் தட்டினால் நம் தளத்தின் பெயருக்குப் பின்னால் அடுத்த தளத்தின் பெயர் ஒட்டிய விசித்திரமான முகவரிக்குப் போய் 404-இல் முட்டிக்கொள்வார். தொடக்கத்தில் வரும் ‘எச்டிடிபிஎஸ்://’ பகுதியை எழுதாமல் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’விலிருந்து தொடங்கினாலும் இதே கதி. உடைந்த இணைப்பில் நம் தளத்தின் பெயரே முன்னால் தெரிந்தால், இந்த இரண்டில் ஒன்று என்று சந்தேகிக்கலாம். அந்த இரட்டைச் சாய்கோடு உண்மையில் தேவையே இல்லை, போடாமல் விட்டிருக்கலாம் என்று பெர்னர்ஸ்-லீ 2009-இல் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். இருபது வருடம் உலகமே தட்டிக்கொண்டிருந்த பிறகு!

இனி மனிதருக்கு உரிய பாகம். ‘மேலும் விவரங்களுக்கு இங்கே கிளிக் செய்யவும்.’ தமிழ் உதவிப் பக்கங்களில் இந்த வாக்கியம் இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நீலம் பூசியிருப்பது ‘இங்கே’யின் மேல். பேருந்தின் முகப்புப் பலகையில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக ‘இந்தப் பேருந்து’ என்று எழுதிவைத்ததுபோல. பெர்னர்ஸ்-லீ 1990-களிலேயே எழுதிய நடைக் கையேட்டில் இப்படி எழுதாதீர்கள் என்று சொல்லிவிட்டார். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும் பின்னர் இதைத் தனிக் குறிப்பாகவே வெளியிட்டது.

காரணம் வெறும் நடையழகு அல்ல. பார்வையற்றவர்கள் கணினியைத் திரைவாசிப்பான் வழியாகப் பயன்படுத்துகிறார்கள். ஜாஸ் என்ற மென்பொருளில் இன்சர்ட் விசையோடு எஃப்7 தட்டினால் பக்கத்தின் இணைப்புகள் மட்டும் ஒரு பட்டியலாக வரும். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ-விலும் அதே விசைகள்தான். கண்ணுள்ளவர்கள் பக்கத்தை மேலோட்டமாக மேய்வதற்கு அவர்களிடம் இருக்கும் ஈடு இது. உதவிக் கட்டுரையில் எட்டு இணைப்பு இருந்து எட்டும் ‘இங்கே’ என்றால், காதில் விழுவது: இங்கே, இங்கே, இங்கே, இங்கே. முகவரியை அப்படியே போட்டு வைத்தால் இன்னும் கொடுமை. % குறியை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருக்கும். 2008 டிசம்பரில் வெளியான அணுகல்தன்மை வழிகாட்டி, இணைப்பின் நோக்கம் அதன் சொற்களிலிருந்தோ சூழ்ந்திருக்கும் வாக்கியத்திலிருந்தோ புரிய வேண்டும் என்பதை அடிப்படை நிலையிலேயே வைத்தது. இணைப்புச் சொற்களை மட்டும் தனியே கேட்டாலே புரிய வேண்டும் என்பதை மேல்நிலையில் வைத்தது. உதவிப் பக்கம் எழுதுபவர் மேல்நிலையையே இலக்காக வைத்துக்கொள்வதில் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

தமிழில் இதைச் செய்வது ஆங்கிலத்தைவிட எளிது என்று நினைக்கிறேன். பெயரெச்சமும் ‘என்ற’வும் நமக்கு இருக்கின்றன. ‘கடவுச்சொல் மறந்துவிட்டால் செய்ய வேண்டியவை’ என்பது முழுமையான பெயர்த்தொடர், அப்படியே நீலமாகலாம். ‘பழைய எண்ணை மாற்றும் படிவம் (பிடிஎஃப், 2 எம்பி)’ என்றால் தட்டினால் என்ன இறங்கும், எவ்வளவு டேட்டா போகும் என்பதுகூடத் தெரிந்துவிடும். ‘கிளிக் செய்யவும்’ என்பதே வேண்டாம். உதவி தேடுபவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது கைபேசி, அதில் கிளிக் எங்கே இருக்கிறது?

சொற்களும் முகவரியும் தனித்தனியாக இருக்கலாம் என்ற இந்த வசதிதான் மோசடிக்காரர்களின் முதலீடும். மேலே வங்கியின் பெயர், அடியில் வேறு முகவரி. களப்பெயரை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு உடனே இடப்பக்கம் இருப்பதைப் பார்க்க வேண்டும். இந்திய அரசின் தளங்கள் பெரும்பாலும் ‘.கவ்.இன்’ என்று அங்கேதான் முடியும். ஏமாற்றும் முகவரியில் ‘கவ்’ இடது ஓரத்தில் பகட்டாக நிற்கும், வலது ஓரத்தில் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று இருக்கும். பணம், கடவுச்சொல் சம்பந்தப்பட்ட உதவிக் கட்டுரையில் குறுக்கப்பட்ட முகவரிகளை நான் ஏற்பதே இல்லை, வாசகர் பார்த்துச் சரிபார்க்க அதில் ஒன்றுமே இல்லை என்பதால்.

குறுமுகவரிக்கு எதிராக இன்னொரு வழக்கும் உண்டு. நடுவில் ஒரு நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது, அது எழுந்துபோனால் பாலமே போய்விடும். கூகுள் தன் குறுமுகவரிச் சேவையில் புதியவை உருவாக்குவதை 2019-இல் நிறுத்தியது. இருப்பவையும் 2025 ஆகஸ்டு 25-க்குப் பிறகு வேலை செய்யாது என்று 2024-இல் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்ப, கடைசி மாதத்தில் மனம் மாறி, புழக்கத்தில் இருப்பவற்றை மட்டும் காப்பாற்றுவதாகச் சொன்னது. புழக்கம் இல்லாதவை போயின. ஒரு பழைய உதவிக் கட்டுரையின் இணைப்பை எத்தனை பேர் மாதாமாதம் தட்டுவார்கள்?

குறுக்காத முகவரிகளும் சாகத்தான் செய்கின்றன. பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டில் கிடைக்காமல் போய்விட்டன. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோளாகத் தரப்பட்ட இணைப்புகளில் ஏறக்குறையப் பாதி, சுட்டவேண்டிய தகவலைச் சுட்டுவதில்லை என்று ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஜொனதன் சிட்ரைன் குழுவினர் 2014-இல் காட்டினார்கள். தீர்ப்புக்கே அந்தக் கதி. ‘நல்ல முகவரிகள் மாறுவதில்லை’ என்ற பொருளில் பெர்னர்ஸ்-லீ 1998-இல் ஒரு கட்டுரையே எழுதினார். எழுதியவர், வரைவு நிலை, மென்பொருள் என்று மாறக்கூடிய எதையும் முகவரிக்குள் வைக்காதே என்பது அதன் சாரம். பக்கம் இடம் மாறினால் சர்வரில் 301 என்ற குறியைப் பதித்து, ‘நிரந்தரமாக இங்கே போய்விட்டது’ என்று புது முகவரியைச் சொல்லிவிட்டால் பழைய இணைப்பெல்லாம் பிழைத்துக்கொள்ளும். தளத்தைப் புதுப்பிக்கும்போது ஒப்பந்தக்காரரிடம் நிறம், படம், முகப்பு என்று எல்லாவற்றையும் பேசிவிட்டு இந்த ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

உதவிக் கட்டுரைகளில் இன்னும் சத்தமில்லாமல் நடக்கும் சாவு # குறிக்குப் பின்னால். நீளமான பக்கத்தின் நடுவில் உள்ள ஒரு துணைத்தலைப்புக்கு நேரே கூட்டிப்போக # போட்டு அதன் அடையாளப் பெயரை எழுதுகிறோம். # குறிக்குப் பின் வருவதை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. பக்கம் வந்துசேர்ந்த பிறகு தானே தேடிக்கொள்ளும். யாரோ துணைத்தலைப்பைத் திருத்திவிட்டால் அடையாளமும் மாறிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பக்கம் திறக்கும், ஆனால் உச்சியிலேயே நிற்கும். வாசகர் தான் தேடியது அங்கே இல்லை போலும் என்று திரும்பிப் போய்விடுவார். தமிழ்த் துணைத்தலைப்பைக் கையாளத் தெரியாத சில கருவிகள் ‘பகுதி-1’, ‘பகுதி-2’ என்று தாமாக எண் கொடுக்கும். நடுவில் புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்தால் அதற்குக் கீழே உள்ள அத்தனை இணைப்பும் ஒரு படி நகர்ந்து, தவறான இடத்தைக் காட்டத் தொடங்கும். துணைத்தலைப்பு எப்படி மாறினாலும் மாறாத ஓர் அடையாளத்தை எழுதும்போதே கையால் கொடுத்துவிடுவதே இதற்கு மருந்து.

இணைப்புகளைச் சோதிக்கத் தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன. இரவில் ஓடவிட்டால் காலையில் 404 பட்டியலைத் தந்துவிடும். அவற்றுக்குத் தெரிவது எண் மட்டும்தான். சர்வர் 200 என்று பதில் சொன்னால் இணைப்பு நலம் என்று அவை குறித்துக்கொள்ளும். அந்தப் பக்கத்தில் ‘இந்தச் சேவை நிறுத்தப்பட்டது’ என்று எழுதியிருக்கலாம். எந்தப் பழைய முகவரியைத் தட்டினாலும் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிடும்படி தளத்தை அமைத்திருக்கலாம். களப்பெயரைப் புதுப்பிக்க மறந்து, அதை வாங்கியவர் சூதாட்ட விளம்பரம் ஓட்டிக்கொண்டிருக்கலாம். எல்லாமே 200. சில கருவிகள் # அடையாளத்தையும் சரிபார்க்கும். ‘படிவம்’ என்று சொன்ன இணைப்பில் படிவம்தான் இருக்கிறதா என்பதை எதுவும் பார்ப்பதில்லை. அதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் உட்கார்ந்து, கணினியில் அல்ல, கைபேசியில், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.